திக்கும் சொல்லும்: இத்தாலிய நாட்டுத் திசைப் பெயர்களும் நம் கரிசற்சீமையும்

ஜூபிலி மலர் என்றால் ஆலய வரலாறு, பங்குத் தந்தையர் வரிசை, சபைகளின் அறிக்கை ஆகியன இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். அவற்றை எழுத நம்மினும் தக்கார் முன்வந்துள்ளனர். மலர்க் குழுவினர் நம்மையும் விடாமல், "வரலாற்றுக் கட்டுரையாக ஏதேனும் ஒன்று தாருங்கள்" என்று கேட்டபோது பெரிய பொருள் எதுவும் கைக்கு அகப்படவில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்னும் நான்கு சொற்களே அகப்பட்டன. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று புரட்டிவிட வேண்டாம். சற்றே பொறுத்துப் படியுங்கள்.

பாலவனத்தம் பக்கத்திலிருந்து துறவு மடம் சென்று, இப்போது வட இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி செய்யும் அருட்சகோதரி ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். மாலையில் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில், "அங்கே போய் எந்தச் சொல்லைக் கற்பதற்குச் சிரமப்பட்டீர்கள்?" என்று கேட்டோம். செபங்களோ மருந்துப் பெயர்களோ என்று எதிர்பார்த்தோம். அவரோ, "திசைகள்தாம்" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது இது. போன புதிதில் ஒரு மாலை, பக்கத்து நகரத்து இரயில் நிலையத்தில் வேறொரு மடத்துச் சகோதரி காத்திருப்பதாக ஏற்பாடு. "எஸ்த் பக்கத்து வாசலுக்கு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். இவர் பள்ளியில் படித்தது ஆங்கிலம். காதில் 'எஸ்த்' என்று விழுந்ததை 'வெஸ்ட்' என்று கொண்டு மேற்கு வாசலுக்குப் போய்விட்டார். இத்தாலிய மொழியில் எஸ்த் என்றால் கிழக்கு. மேற்குக்கு ஓவெஸ்த் என்று பெயர். குளிர்காலம்; போ ஆற்றுச் சமவெளியில் அப்போது மூடுபனி இறங்கினால் எதிரில் நிற்கும் மரம் தெரியாது. சூரியனும் இல்லை, நிழலும் இல்லை. "நம்ம ஊர்ல எந்நேரமும் வெயில். நிழலைப் பார்த்தே திக்குச் சொல்லிடுவோம். அங்க நிழலே இல்லாம நின்னப்பதான் அழுகை வந்துச்சு" என்றார். ஒன்றரை மணி நேரம் இவர் மேற்கு வாசலிலும், அவர் கிழக்கு வாசலிலும் நின்றிருக்கிறார்கள்.

நம் சீமையில் திசை என்பது பள்ளிக்கூடத்தில் கற்பதன்று. பால் குடிக்கும் பருவத்திலேயே ஒட்டிக்கொள்வது. மேலத்தெரு, கீழத்தெரு, வடக்கூர், தெக்கூர் என்றே நாம் ஊரைப் பிரிக்கிறோம். பந்தியில் அமரும்போதும், "கொஞ்சம் கிழக்கே தள்ளி உட்காருங்க மாமா" என்போமேயன்றி, வலப்பக்கம் இடப்பக்கம் என்று யாரும் சொல்வதில்லை. சகோதரி தங்கியிருந்த மடத்துச் சமையற்கட்டிலோ எல்லாம் வலம், இடம்தான். அந்தச் சமையற்கட்டில் வடக்கு எது என்று கேட்டதற்கு, பல ஆண்டுகளாக அங்கே சமைத்த அம்மையார் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, நெடுநேரம் யோசித்தாராம்.

இத்தாலியரின் நோர்த், சூத், எஸ்த், ஓவெஸ்த் என்னும் இந்நான்கும் அவர்கள் வீட்டுச் சொற்கள் அல்ல. பழைய ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவை. ஆகையால் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுக்கு எளிதாகத் தோன்றும். அந்த எளிமைதான் ஏமாற்றுகிறது. வரைபடத்தில் மேற்குக்கு அவர்கள் போடும் எழுத்து 'ஓ'. சகோதரி அதை முதலில் சுன்னம் என்றே எண்ணினாராம். பழைய மாலுமிப் படங்களிலோ அதே 'ஓ' தெற்கைக் குறிக்கும். தென்காற்றுக்கு ஓஸ்த்ரோ என்று பெயர் இருந்ததால் வந்த வினை.

இந்த நான்குக்கு முன்பிருந்தே அவர்களிடம் வழங்கிய பெயர்கள் வேறு. அவற்றில்தான் சுவை இருக்கிறது. கிழக்குக்கு லெவான்தே, அதாவது எழுவது. மேற்குக்குப் பொனென்தே, அதாவது சாய்வது. தெற்குக்கு மெட்சோஜோர்னோ, நண்பகல் என்று பொருள். உச்சி வேளையில் சூரியன் அவர்களுக்குத் தென்புறமாகவே நிற்கும். நமக்கோ சித்திரையிலும் ஆவணியிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே ஒதுங்கியும் நிற்கிறது. நண்பகலைத் தெற்கு என்று சொன்னால் நம் உழவர் நகைப்பார். வடக்குக்குத் திரமொந்தானா. மலைக்கு அப்பாலிருந்து வருவது என்பது இதன் பொருள். அந்த மலை ஆல்ப்ஸ்.

இன்னும் பழைய இலத்தீன் வழிப் பெயர் ஒன்றும் உண்டு. வடக்குக்குச் செத்தென்த்ரியோனே. உழவு மாடுகள் ஏழு என்று பொருள். வடவானில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று காட்டும் அதே ஏழு விண்மீன்களை உரோமையர் ஏர் மாடுகளாகக் கண்டனர். நாம் முனிவர்களைக் கண்டோம். மாடு கட்டி உழுத நம் சீமையில் ஏன் நமக்கு மாடு தோன்றவில்லை என்பது யோசிக்கத்தக்கது.

இத்தாலிய மாலுமிகள் நான்கோடு நிற்காமல் எட்டுக் காற்றுகளுக்கும் பெயரிட்டு வட்டமாக வரைந்தனர். அதற்குக் 'காற்றுகளின் ரோசா' என்று பெயர். வடகிழக்கு க்ரேகோ, கிரேக்க நாட்டுப் பக்கம் என்பதால். தென்மேற்கு லிபேச்சோ, லிபியாப் பக்கம் என்பதால். தென்கிழக்கு ஷிரோக்கோ, அரபு மொழியிலிருந்து வந்தது. சகாராப் பாலைவனத்தின் புழுதியைச் சுமந்து வந்து இத்தாலியரின் வாகனங்கள் மீதும் கொடியில் காயும் துணிகள் மீதும் கொட்டும் காற்று அது. ஆனி ஆடியில் மேகாற்றுக்குப் பயந்து கதவை அடைக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வடமேற்கு மயெஸ்த்ரோ. ஆசான், தலைவன் என்னும் பொருளில் வழங்கும் சொல் அது. இந்தப் பெயர்களைக் கூட்டிப் பார்த்தால், பெயரிட்டவர்கள் நின்ற இடம் தெரிகிறது: கிரேக்கத்துக்குத் தென்மேற்கே, லிபியாவுக்கு வடகிழக்கே, நடுக்கடலில். பங்கு மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் அப்படங்களில் உண்டு. மற்றத் திசைகளுக்கு எழுத்தைப் போட்டவர்கள், கிழக்குக்கு மட்டும் பல படங்களில் சிறிய சிலுவையை வரைந்தனர். திருநாடு அத்திசையில் இருந்ததால்.

இனி நம் சொற்களுக்கு வருவோம். கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும், மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும் வந்தவை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைச் சுட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையை மேற்கே வைத்து வாழ்ந்த மக்களின் சொல் இது என்றார். நமக்கு நூற்சான்றுகூட வேண்டாம். நம் கண்மாய் ஒவ்வொன்றையும் பாருங்கள். வரத்துக்கால் மேற்கேயிருந்து வரும். கரை பெரும்பாலும் கிழக்கே கட்டியிருக்கும். குண்டாறு திருச்சுழியைக் கடந்து கடலை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தண்ணீர் போகும் பக்கம் கிழக்கு. பெய்யாவிட்டால், வானம் பார்த்துக் கிடக்கும் உழவன் கண் போகும் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில், கிழக்குத்தான். கொண்டல் அங்கேயிருந்துதான் வர வேண்டும்.

மலையைத் தாண்டிய மலையாளத்தாரிடம் ஒரு வேடிக்கை. அவர்களுக்கு மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் உயர்ந்து நிற்கும் மலைப்பக்கத்தை அவர்களும் கிழக்கு என்றே சொல்லி வருகிறார்கள். கீழ் என்னும் பொருள் அங்கே செத்துவிட்டது. மேற்குக்கு மட்டும் படிஞ்ஞாறு என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். படுகின்ற ஞாயிறு என்பது பொருள். இத்தாலியரின் பொனென்தேயும் இதுவே! சூரியன் விழும் கடலை எதிரில் வைத்துக்கொண்டிருக்கும் இரு மக்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

மறைநூல் தமிழில் வந்தபோது இந்தச் சரிவும் கூடவே போயிற்று. பாலனைத் தேடி வந்த மூன்று இராசாக்களைக் கீழ்த்திசை ஞானிகள் என்று சொல்லிப் பழகினோம். தாழ்ந்த பக்கத்திலிருந்து வந்த ஞானிகள் என்று நம் கரிசற்காட்டுச் சரிவைப் பெத்லகேமுக்கே கொண்டுபோய்விட்டோம். நல்லவேளையாக அது அங்கும் பொருந்துகிறது. பெத்லகேம் மலைமுதுகில் இருக்கும் ஊர். அதன் கிழக்கே நிலம் சரிந்து சரிந்து, கடல் மட்டத்துக்கும் 400 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கும் சாக்கடலில் போய் விழுகிறது.

இப்போது சகோதரி படும் பாட்டை எதிர்த்திசையில் பட்டவர்கள் உண்டு. உரோமையரான தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரை வந்தார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் நம் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் பெயருடன் 1680 நவம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்த ஊர் வட இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் இதே ஊரில்தான். நம் சகோதரி அங்கே சென்று வந்திருக்கிறார். ஊருக்கு வடக்கே கார்தா ஏரி, அதற்கும் வடக்கே ஆல்ப்ஸ் மலை. "சாமி பிறந்த ஊர்ல நின்னு வடக்க பார்த்தா மலை. நம்மூர்ல வடக்க பார்த்தா என்ன இருக்கு? மதுர போற பஸ்சுதான்" என்றார்.

ஆக, வீரமாமுனிவருக்குப் பிள்ளைப் பருவத்தில் மலை என்றால் வடக்காகவே இருந்திருக்க வேண்டும். திரமொந்தானா என்னும் சொல்லே அதைத்தான் சொல்கிறது. 1710இல் இந்தியா வந்து, மறு ஆண்டில் தமிழ்நாட்டை அடைந்து, காமநாயக்கன்பட்டி போன்ற தென்சீமைத் தலங்களில் பணியாற்றிய காலத்தில், மலை மேற்கே போய்விட்டது. மேற்குக்குப் பெயரே மேடு. மெட்சோஜோர்னோ என்ற நண்பகல் தெற்கே நிற்காமல் உச்சந்தலையில் நின்றது. குளிர்ந்த வாடைக்கு அவர் ஊர்த் திரமொந்தானாவின் கடுமை இல்லை. இந்த நான்கு சொற்களைக் கற்பதற்கு அவர் நான்கு சொற்களை மறக்க வேண்டியிருந்திருக்கும். பிற்காலத்தில் தொன்னூல் விளக்கமும் (1730), சதுரகராதியும் (1732), 1738இல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணமும் தந்தவரின் புலமையைக் கண்டு வியக்கிறோம். வழிகேட்டு நடந்த முதல் ஆண்டை நாம் நினைப்பதில்லை. "மேற்கே போங்க சாமி" என்று ஒரு குடியானவர் சொல்லியிருப்பார். மேலே ஏற மலையைத் தேடி அந்த இளங்குரு சுற்றுமுற்றும் பார்த்திருப்பார். இது நம் கற்பனை. எனினும் நடக்காதிருந்திருக்க வழியில்லை.

தமிழ் இலக்கணத்தார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தனர். வேற்று நிலங்களிலிருந்து நம்மிடம் வந்து வழங்கும் சொல்லே திசைச்சொல். போர்த்துக்கீசியர் மேசையையும் சாவியையும் அலமாரியையும் பாதிரியையும் நமக்குத் தந்து போயினர். இத்தாலியரான இந்த முனிவர்களோ தங்கள் திசைப் பெயர்களில் ஒன்றையேனும் நம் வாயில் வைக்க முயலவில்லை. லெவான்தே என்று ஒரு தமிழனும் சொல்லவில்லை. அவர்கள்தாம் குணக்கும் குடக்கும் கற்றார்கள். சமயப் பரப்புரையில் அவர்களோடு கருத்து வேறுபடுவோரும் இந்த ஒன்றில் குறை சொல்ல மாட்டார்.

பாலவனத்தத்தார்க்குத் திசைகாட்டியோடு வேறொரு தொடர்பும் உண்டு. பலர் மறந்துவிட்டனர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார் என்பதை எல்லாரும் அறிவர். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கடலைக் கண்ணால் காண ஒரு நாள் பயணம் போக வேண்டிய வறண்ட சீமையின் பெயர், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய காலியா, லாவோ என்னும் கப்பல்களோடு சேர்ந்தது இப்படித்தான். அக்கரையோரத்தில் காற்றுக்கும் திசைக்கும் இன்றும் ஒரே பெயர்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். இத்தாலிய மாலுமியிடம் இந்நான்கையும் சொன்னால், தன் ரோசாவில் வைத்து உடனே புரிந்துகொள்வான். உள்நாட்டாராகிய நமக்குத்தான் கச்சான் என்றால் விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழரில் இன்று இத்தாலியத் திசைச் சொற்களை அன்றாடம் பேசுவோர் மடத்துச் சகோதரிகள் மட்டுமல்லர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் திக்கொன்றாய்ச் சிதறியவர்கள். நகரையொட்டி நிற்கும் பெல்லெகிரீனோ மலைமீது புனித ரொசாலியா கெபி இருக்கிறது. கத்தோலிக்கரும் சைவருமாகத் தமிழர் அம்மலை ஏறி வேண்டிக்கொள்கின்றனர். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு ஷிரோக்கோ தாய்மொழிச் சொல். கொண்டல்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சொல்.

அந்தச் சிசிலியும் அதை அடுத்த தென்மாநிலங்களும் மெட்சோஜோர்னோ என்றே அழைக்கப்படுகின்றன. நண்பகல் என்ற அழகிய பெயர் நாளடைவில் வறுமைக்குப் பெயராகிவிட்டது. அங்கிருந்து வேலை தேடி வடக்கே மிலானுக்கும் தூரினுக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போனவர்கள் இலட்சக்கணக்கானோர். தண்ணியில்லாக் காடு என்று நம் சீமைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்து, பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன நம் முன்னோரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சகோதரி சொன்ன மற்றொரு நிகழ்ச்சியையும் எழுதிவிட வேண்டும். அவர் பணிசெய்யும் இல்லத்தில் ஒரு முதியவர். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். சகோதரிக்குப் பழைய காற்றுப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தாம். தாளில் எட்டிதழ்ப் பூ வரைந்து, கிழக்கில் சிலுவை போட்டு, ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்தாராம். ஓர் இரவு அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "திரமொந்தானாவைத் தொலைத்துவிட்டேன், சகோதரி" என்றார். சகோதரி, வாடைக்காற்றில் குளிருகிறது போலும் என்று எண்ணி, வடக்குச் சன்னலைப் போய்ச் சாத்தினார். கம்பளி ஒன்றையும் கூடப் போர்த்தினார். முதியவர் மறுபடியும் அதையே சொன்னார். காலையில் தலைமைச் சகோதரியிடம் கேட்டபோதுதான் விளங்கிற்று. அது அவர்கள் வழக்கு. வடக்கைத் தொலைத்தேன் என்றால் எனக்கு நிதானம் தப்புகிறது, புத்தி தடுமாறுகிறது என்று பொருள். முதுமையில் வரும் மறதி நோய் தமக்குத் தொடங்கிவிட்டதை அம்மனிதர் தாமே கண்டுகொண்டு, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று சொன்ன சொல் அது. சொல் தெரிந்திருந்தும் பொருள் தெரியாமல் சன்னலைச் சாத்திவிட்டு வந்ததை நினைத்து நினைத்து வருந்துகிறார் சகோதரி.

நம் மொழியில் சொல்லியிருந்தால் அவருக்கு உடனே புரிந்திருக்கும். நாமும் திக்குமுக்காடுகிறோம், திக்குத் தெரியாமல் நிற்கிறோம். யாருமற்றவனைத் திக்கற்றவன் என்கிறோம். நமக்குத் திக்கு என்பது போகும் வழி மட்டுமன்று, போய்ச் சேரும் ஆளும்தான். இந்த இரண்டாவது பொருள் இத்தாலிய மொழியில் உண்டா என்று கேட்டோம். சகோதரி யோசித்துப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்தவரை இல்லை என்றார். பிறகு, அந்த முதியவர் மறதி முற்றிய நாட்களிலும், தாம் அறைக்குள் நுழைந்தால் மட்டும் விரலை மடக்கி, "திரமொந்தானா, க்ரேகோ, லெவான்தே" என்று வரிசை பிசகாமல் சொல்வார் என்றார். மகனின் பெயர் மறந்துபோயிருந்தது. எட்டுக் காற்றின் பெயரும் மறக்கவில்லை.

திண்ணையின் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் சகோதரியின் தாயார் படுத்திருந்தார். இவ்வளவு நேரமும் உறங்குகிறார் என்றே நினைத்திருந்தோம். தலையைத் தூக்கி, "ஏந்தாயி, நீ இருக்க ஊரு இங்கருந்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சகோதரி எழுந்து, தெருவையும் வேப்பமரத்தையும் பார்த்து, நிதானித்து, வடமேற்கே கைகாட்டினார். "மயெஸ்த்ரோ" என்று தமக்குள் சொல்லிக்கொண்டது நம் காதில் விழுந்தது.

தாயார் அந்தக் கை போன பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படின்னா விருதுநகர் பஸ் போற பக்கந்தான்னு சொல்லு" என்றார்; கட்டிலில் தலைமாட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்தார்.